படுவான்கரையில் ஓர் அமெரிக்கப் போர்

அமெரிக்க உள்நாட்டுப் போரை முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவன் நான். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். 'போருக்கான காரணங்களை விவரி' என்பது ஐந்து மதிப்பெண் வினா. அடிமை முறைக்கு ஒன்று, அரசியல் பிளவுக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று, முன்னுரைக்கும் முடிவுரைக்கும் ஆளுக்கு ஒன்று. அத்தனை பேர் செத்ததற்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. இதையெல்லாம் நோட்ஸாகவும் போட்டேன். அந்த நோட்ஸ் எப்படியோ கடல் தாண்டி மட்டக்களப்பில் ஒருவர் கைக்குப் போய்ச் சேர, அவர் என்னைப் பெரிய அறிஞன் என்று நம்பிவிட்டார். பட்டிமன்றம் ஒன்றுக்கு நடுவராக வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அவர் பெயர் ஜீவரத்தினம். கல்லடியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூடப் பிரதி அதிபர், மெதடிஸ்த சபைக்காரர், சிரிக்கும்போதும் மணியைப் பார்க்கும் மனிதர். தலைப்பையும் கடிதத்திலேயே எழுதியிருந்தார்: 'ஒரு நாட்டைப் போருக்குத் தள்ளுவது அடிமைத்தனமா, அரசியல் பிளவா?' அதற்குக் கீழே, அமெரிக்காவைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று அடிக்கோடிட்டு ஒரு நிபந்தனை.

வியாழக்கிழமை காலை கல்லடி விடுதியில் என் முதல் சாப்பாடு குழல் புட்டும் நண்டுக் கறியும். சாம்பார் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை, கொண்டுவந்தவருக்கும் தெரியவில்லை. பிறகு சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. கரண்டியைக் குத்தினால் கரண்டி நிற்கிறது. எங்கள் ஊர்ப் பால்காரர் இந்தத் தயிரைப் பார்த்திருந்தால் ஒரு சட்டியில் ஒரு தெருவுக்கே மோர் ஊற்றியிருப்பார்.

ஏன் அமெரிக்கா என்று ஜீவரத்தினத்திடம் கேட்டேன். நடந்து முடிந்த ஒரு போர் இங்கேயே இருக்க, அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்?

அவர் மணியைப் பார்த்தார். "எங்கிட சண்டையப் பற்றிக் கதைச்சா மறுகா சண்டைதான் வரும், சேர். அமெரிக்காச் சண்டை எண்டா ஒருத்தருக்கும் நோகாது" என்றார்.

போன வருடம் தலைப்பு பெண் கல்வி. அது மூன்று கதிரை உடைந்து முடிந்ததாம். நாற்காலியை இங்கே கதிரை என்கிறார்கள். அதற்கு முந்தின வருடம் மரம் நடுதல். அதில் யார் நட்ட மரம் பட்டுப்போனது என்று பேச்சு வந்து, ஒருவருக்கு நெற்றியில் தையல். ஆகவே இந்த முறை வேறு கண்டம், வேறு நூற்றாண்டு, தமிழ் தெரியாத ஆட்கள். நடுவரும் வெளிநாட்டுக்காரர். இவ்வளவு பத்திரமாக ஒரு பட்டிமன்றத்தை ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஊரைப் பார்க்கப் போனேன். இந்தப் பக்கத்தில் உலகம் இரண்டு கரை: வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது விழும் பக்கம் படுவான்கரை. பட்டணம், கடல், பெரிய பள்ளிக்கூடமெல்லாம் இந்தப் பக்கம். வயலும் மாடும், போர் நின்ற பிறகும் நெடுநாள் வராமல் இருந்த கரண்டும் அந்தப் பக்கம். வெல்லாவெளிக்குப் போகும் வழியில் எங்கள் பட்டிமன்ற ஊர் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதையும் ஊரில் இருக்கும் இரண்டு கோஷ்டியும் தனித்தனியாகக் கேட்டார்கள், பேர் மற்றவனுக்குப் போய்விடுமாம்.

வாவியைக் கடக்க ஒரு மிதவை. இரண்டு படகின் மேல் பலகை போட்டு, ஒரு இயந்திரத்தை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்கள், உர மூட்டைகள், ஒரு மணப்பெண் அலங்காரக்காரி, இரண்டு ஆடுகள், நான். ஜீவரத்தினம் காய்ச்சலென்று வரவில்லை. பாதி வாவியில் நீர்த்தாவரம் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு மிதவை நின்றுவிட்டது. ஓட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் பேருந்து இரண்டு நிமிடம் நின்றால் அரசாங்கத்தைக் கலைக்கச் சொல்லுவோம். இங்கே வெற்றிலையை எடுத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் என்னைப் பார்த்து, நடுவர் சேர்தானே என்று கேட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் யோகமலர். கரடியனாற்றுப் பக்கம் விவசாயப் போதனாசிரியையாக வேலை, வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வருவாள். பட்டிமன்றத்தில் அடிமைத்தனம் என்ற கட்சிக்கு அவள்தான் தலைமை. என் நோட்ஸை வரிக்கு வரி படித்திருந்தாள். நான் மகிழ்ந்துபோய், எதிலே சந்தேகம் என்று கேட்டேன்.

சந்தேகம் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள்: "அடிமைத்தனம் எண்ட பக்கத்தில கதைக்க ஊரில ஆளில்ல, சேர். கதைச்சா தன்னைப் பற்றித்தான் கதைக்கிறான் எண்டு சனம் நினைக்கும். என்னைப் பற்றி எல்லாருக்கும் முந்தியே தெரியும். அதால என்னக் கூப்பிட்டாங்க."

அவள் அப்பா அந்த ஊர்க் கட்டாடி. ஊர்த்துணி வெளுப்பவர். இப்போது வெளுப்பதற்கு வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் ஒரு வேலையை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்க ஊர் சம்மதிக்கவில்லை. கோயிலிலோ மன்றத்திலோ பெரிய மனிதர் வந்தால் வாசலிலிருந்து மேடை வரைக்கும் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். அதற்கு நிலபாவாடை என்று பெயர். ஊருக்கு ஒன்றுதான், கோயில் சொத்து, நாற்பது முழம். அதைக் கட்டாடிதான் விரிக்க வேண்டும், அவர்தான் குனிந்து சுருக்கம் எடுக்க வேண்டும், வந்தவர் நடந்து முடிந்ததும் அவர்தான் சுருட்டிக்கொண்டு போய்த் தோய்க்க வேண்டும். அப்புறம் கூட்டம் நடக்கும். துணி விரித்தவருக்கு அதில் கதிரை கிடையாது.

"எண்ட அப்பாட பேர் சின்னத்தம்பி" என்றாள். "நான் சொல்லாட்டி ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. சின்னப் புள்ளையளும் கட்டாடி எண்டுதான் கூப்பிடும்."

எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது, சற்றுப் பெருமையாகவும் இருந்தது. சுயமரியாதை பேசிய மண்ணிலிருந்து வருகிறவன் அல்லவா நான். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினேன். டீக்கடையில் இரண்டு விதத் தம்ளர் இருந்ததை ஒழித்துவிட்டோம் என்றேன். எப்படி ஒழிந்தது என்று அவள் கேட்டாள். காகிதக் கப் வந்தது என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. எங்கள் தெருவுக்கு இருபது வருடமாக வரும் இஸ்திரிக்காரரின் பெயரை அந்த இடத்தில் நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை.

ஓட்டி தண்ணீருக்குள்ளிருந்து கைநிறையத் தண்டுகளை அள்ளி எறிந்தார். இன்னும் அரை மணி ஆகும் என்றார்.

யோகமலர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னது அந்த அரை மணியில்தான். சண்டைக்குப் போன அண்ணன். இன உரிமைக்காகப் போனார் என்று ஊரில் மேடை போட்டுப் பேசினார்களாம். "அதெல்லாம் மறுகா படிச்சது, சேர். அவன் போனது அங்க ஒருத்தரும் கட்டாடிட மகன் எண்டு கூப்பிட மாட்டாங்க எண்டுதான். போய் ஒரு கடிதம் போட்டான். இஞ்ச என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க எண்டு எழுதியிருந்தான். மறுகா அங்கயும் ரெண்டாப் பிரிஞ்சி ஆளுக்காள் சுட்டாங்க. அவனை எந்தப் பக்கம் சுட்ட எண்டு இன்னும் தெரியாது."

முப்பத்தோரு வருடம் நான் நடத்திய பாடத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டிமன்றத்தில் பேச அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: அன்றைக்கு அப்பாவைத் துணி விரிக்கச் சொல்லக் கூடாது. இரண்டு கோஷ்டித் தலைவர்களும் சரி என்றிருந்தார்கள். அவளுக்கு நம்பிக்கையில்லை. "விரிச்சிருந்தா நீங்க அதில நடக்காம, பக்கத்தால மண்ணில வாங்க, சேர். ஒரு பெரிய ஆள் ஒரு தரம் நடக்காம வந்தாப் போதும். மறுகா விரிக்கச் சொல்ல அவங்களுக்கு வாய் வராது."

சத்தியமாக நடக்க மாட்டேன் என்றேன். குரல் நன்றாகவே வந்தது. நானே ஒரு நிமிடம் என்னை மெச்சிக்கொண்டேன்.

ஊரில் அந்த இரண்டு தலைவர்களையும் பார்த்தேன். ஊர் நூலகத்துக்கு வடக்கே ஒருவர் வீடு, தெற்கே ஒருவர் வீடு. பாடத்துக்குப் பொருத்தமாக நானே அவர்களுக்கு வடக்கர், தெற்கர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கட்சி. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரமுகருக்கு முதல் மாலையை யார் போடுவது என்பதில் கொள்கை வேறுபாடு ஏற்பட்டுப் பிரிந்துவிட்டார்கள். அதிலிருந்து ஊரில் எல்லாம் இரண்டு. நூலகத்துக்கு இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு தலைவர், கதவில் இரண்டு பூட்டு. இருவரும் ஒன்றாக வந்தால்தான் திறக்க முடியும் என்பதால் புத்தகங்கள் புதிதாகவே இருக்கின்றன.

வடக்கர் வீட்டில் சோறும் இறாலும் முருங்கைக்காயும். ஒரு மணி நேரம் கழித்துத் தெற்கர் வீட்டில் சோறும் இறாலும் முருங்கைக்காயும். இரண்டாவது இறால்தான் ருசி என்று தெற்கர் வீட்டில் சொன்னேன். முதல் இறால்தான் ருசி என்று வடக்கர் வீட்டிலும் சொல்லியிருந்தேன். இரண்டு வீட்டிலும் நிலபாவாடையைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் இந்த முறை இல்லை, யோகமலருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று இருவரும் சொன்னார்கள். அடுத்தவன்தான் வாக்கை மீறக் கூடியவன் என்றும் இருவரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் மழை. பின்னேரம் மூன்று மணிக்கு ஜீவரத்தினத்தோடு போய் இறங்கியபோது, மேடை போட்டிருந்த நூலக முற்றத்து வாசலில் சேறு. சேறு முடிகிற இடத்திலிருந்து மேடை வரைக்கும் வெள்ளை வெளேரென்று விரித்திருந்தது.

நடந்தது இதுதான். துணி இல்லாமல் போனால் விருந்தாளியை அவமதித்தது வடக்கர் என்று தெற்கர் சொல்லிவிடுவாரோ என்று வடக்கருக்குப் பயம். தெற்கருக்கும் அதே பயம். ஆகவே இருவரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கட்டாடியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விரிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க அவர்கள் ஒத்துப்போன ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

துணியின் ஓரத்தில் மெலிந்த ஒரு மனிதர் குனிந்து சுருக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, தோளில் மடித்த துண்டு. நான் நின்றேன். வலது காலை மண் பக்கமாகத் திருப்பினேன். இதற்கு நீங்களே சாட்சி, திருப்பினேன். வடக்கர் என் இடக் கையைப் பிடித்தார், தெற்கர் வலக் கையைப் பிடித்தார். மேளம் அடித்தார்கள். நான் மண்ணில் வருகிறேன் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. சின்னத்தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"நடவுங்க ஐயா" என்றார். "நீங்க நடக்காட்டி ஊர் என்னத்தான் குறை சொல்லும்."

நடந்துவிட்டேன். மகளுக்குக் கொடுத்த வாக்கை அப்பாவுக்காக மீறினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சனம், காலடியில் வெள்ளைத் துணி, ஒரு மனிதர் குனிந்து நிற்கிறார். கும்பகோணத்தில் என் மாணவர்கள்கூட எனக்காக எழுந்து நின்றதில்லை. பத்தடி போவதற்குள் என் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, கையும் தானாகக் கும்பிட்டது. மேடை ஓரத்தில் யோகமலர் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தாள்.

பட்டிமன்றம் ஆரம்பித்தது. அரசியல் பிளவே காரணம் என்ற கட்சிக்கு வடக்கர் ஆட்கள் இருவர், தெற்கர் ஆட்கள் இருவர். ஒரே கட்சியாக உட்கார வைத்திருந்தும் நடுவில் ஒரு கதிரை காலியாக விட்டிருந்தார்கள். யார் கடைசியாகப் பேசுவது என்று கால் மணி நேரம் வாக்குவாதம். தம் தரப்பு வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. தலைவர்கள் விட்டுக்கொடுக்காததால்தான் அமெரிக்கா அழிந்தது என்று ஒருவர் முழங்க, அவர் நேரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அடுத்தவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். சனம் கைதட்டியது.

அடிமைத்தனம் என்ற கட்சியில் யோகமலரோடு பேச இருந்த கணக்கு ஆசிரியருக்குத் திடீரென்று வயிற்று வலி. அவள் தனியாக எழுந்தாள். கையில் குறிப்பு இல்லை. நிபந்தனைப்படி அமெரிக்காவைப் பற்றி மட்டும் பேசினாள். பருத்தியைப் பற்றிப் பேசினாள். அதை விதைத்தது யார், பறித்தது யார், உடுத்தியது யார் என்று கேட்டாள். அடிமையை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, பலர் நல்ல மனிதர்கள், அடிமைக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்த்தவர்கள், அவன் பெயரைக் கேட்க மட்டும் மறந்தவர்கள் என்றாள். எனக்கு நாற்காலி சுட்டது.

பிறகு மேடையிலிருந்து இறங்கினாள். மூலையில் அவள் அப்பா சுருட்டி வைத்திருந்த நிலபாவாடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் போட்டு, ஒரு மடிப்பை விரித்தாள். சேறாகப் பதிந்த செருப்புத் தடம். பத்தாம் நம்பர். இடமும் வலமுமாக வரிசையாக, மிகவும் கம்பீரமாக நடந்திருந்தேன்.

"அடிமைத்தனம் இருக்கிறதால சண்டை வராது, சேர். அது எவ்வளவு காலமும் அமைதியா இருக்கும். ஒருத்தன் மாட்டன் எண்டு சொல்லுற நாளிலதான் சண்டை வரும். இஞ்ச இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல. சொல்லுறன் எண்டவரும் நடந்து வந்துட்டார்." ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினாள். "இத ஆர் தோய்க்கிற? தீர்ப்புச் சொல்லுங்க."

மேளக்காரர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். என் சட்டைப்பையில் தீர்ப்பு இருந்தது. கும்பகோணத்திலேயே எழுதி வைத்துவிட்டேன், 'இரண்டுமே காரணம்' என்று. எந்தப் பட்டிமன்றத்துக்கும் பொருந்தும் தீர்ப்பு. அதை எடுக்கக் கை போனது. சின்னத்தம்பியைப் பார்த்தேன். அவர் நூலகச் சுவரோரம் நின்று, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்தது பயமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில் அவ்வளவு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

என் செருப்பு, நான் தோய்க்கிறேன் என்றேன்.

"அது அவங்கட வேலை, சேர்" என்று வடக்கர் எழுந்தார். அதே நேரத்தில், அதே சொற்களை, அதே குரலில் சொல்லிக்கொண்டு தெற்கரும் எழுந்தார். இருவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, தீர்ப்பு இப்போது எழுந்து நின்ற இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள் என்றேன். அதை நகைச்சுவை என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். அது நகைச்சுவை இல்லை.

வண்டியில் திரும்பும்போது ஜீவரத்தினம் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்லடிப் பாலம் வந்ததும், அந்தத் துணியைத் தோய்க்க நீலம் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தோய்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் தோய்த்த முதல் துணி நாற்பது முழம். விடுதி வாளிக்குள் அதில் பத்து முழம்தான் போகும். பத்து முழத்தை முக்கினால் மற்ற முப்பது குளியலறையை நனைத்தது. பிழிவதற்கு ஒரு முனையைக் குழாயில் கட்டினேன், குழாய் கழன்று வந்தது. விடுதிக்காரம்மா மெற்றில்டா, பட்டணத்துக் கத்தோலிக்கர், பூசை முடிந்து வந்து கதவோரம் நின்று பார்த்தார். நீங்கள் இந்தியாவில் என்ன உத்தியோகம் என்று கேட்டார். வரலாற்று ஆசிரியர் என்றேன். அது தெரிகிறது என்றார்.

சவர்க்காரம் போட்டேன், நீலம் போட்டேன், முழங்காலில் நின்று தேய்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. சேறு போயிற்று. என் தடம் மங்கலாக மஞ்சளாக நின்றுவிட்டது. மொட்டை மாடியில் கொடியில் போட்டுவிட்டு வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சின்னத்தம்பி இதை எத்தனை முறை தோய்த்திருப்பார், எத்தனை பேருடைய செருப்பு, அவர்களில் ஒருவராவது திரும்பிப் பார்த்திருப்பாரா என்று யோசனை ஓடியது. மட்டக்களப்பு வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் துணி காய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஊரில் வேறொரு விழா. பேருந்துத் தரிப்பிடம் ஒன்றைத் திறக்கப் பிரமுகர் வருகிறார், மாலை விவகாரத்தில் ஊரைப் பிரித்த அதே பிரமுகர். காலை ஏழு மணிக்கு வடக்கர் கூப்பிட்டார். நிலபாவாடை எங்கே என்றார். தெற்கர் ஆட்கள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்களோ என்று சந்தேகம். ஏழேகாலுக்குத் தெற்கர் கூப்பிட்டார், அதே சந்தேகம். புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டேன். வடக்கர் வாங்கினால் தெற்கர் ஆட்கள் அதில் நடக்க மாட்டார்கள். தெற்கர் வாங்கினால் வடக்கர் ஆட்கள் நடக்க மாட்டார்கள். பொதுவில் வாங்கத் தலைவர்கள் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது இந்தப் பிறவியில் நடக்காது என்று இருவருமே உறுதியாகச் சொன்னார்கள். அரசியல் பிளவால் ஒரு நன்மையும் உண்டு என்று என் நோட்ஸில் எங்கேயும் எழுதவில்லை. அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும்.

எட்டு மணிக்கு யோகமலரிடமிருந்து இரண்டு சொல்லில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'குடுக்காதீங்க சேர்.' நான் தொலைபேசியை அணைத்து வைத்தேன். ஆனாலும் மனது கிடந்து அடித்துக்கொண்டது. கோயில் சொத்து. அதுவுமில்லாமல், அந்த மனிதருக்கு அது வேலை மட்டும் இல்லை, ஊரில் அவருக்கு இருந்த இடமும் அது ஒன்றுதான். மகள் கேட்கிறாள் என்று அதை நான் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? சனிக்கிழமை அவர் பேச்சைக் கேட்டு நடந்ததும் தப்பு, இன்று அவரைக் கேட்காமல் வைத்திருப்பதும் தப்பு. மத்தியானம் வரை இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாமல் புட்டுச் சாப்பிட்டேன்.

பின்னேரம் தொலைபேசியைத் திறந்ததும் அழைப்பு வந்தது. தெரியாத எண்.

"ஐயா, சின்னத்தம்பி கதைக்கிறன்" என்றது குரல்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன், நடந்ததற்கும் வைத்திருப்பதற்கும் சேர்த்து. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விழாவைப் பற்றிச் சொன்னார். துணி இல்லையென்றாலும் வழக்கப்படி போயிருக்கிறார். செய்வதற்கு ஒன்றுமில்லை, எங்கே நிற்பது என்றும் தெரியவில்லை. பிரமுகர் சேற்றில் நடந்து வந்தார், ஒன்றும் ஆகவில்லை, காலைக் கழுவிக்கொண்டார். முன்வரிசையில் இந்தப் பக்கம் வடக்கர் ஆட்கள், அந்தப் பக்கம் தெற்கர் ஆட்கள்.

"நடுவில ஒரு கதிரை சும்மா கிடந்த, ஐயா. ரெண்டு பக்கமும் ஒருத்தரும் அதில இரிக்க மாட்டாங்க. நிண்டு நிண்டு கால் உளைஞ்ச. போய் இருந்திட்டன்."

யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன். எழும்பு என்று சொன்னால் அந்தக் கதிரைக்குத் தன் ஆளை வைக்கப் பார்க்கிறான் என்று மற்றப் பக்கம் பாயும், அதனால் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தார்கள் என்றார். கூட்டம் முடியும் வரைக்கும் இருந்தாராம். பிரமுகர் கை கொடுத்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாராம். சொல்லியிருக்கிறார்.

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்த" என்றார்.

துணி காய்ந்துவிட்டது, நாளைக் காலை ஜீவரத்தினத்திடம் கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றதும், அவர் யாரிடமோ தள்ளிப் போகச் சொன்னதும் கேட்டது.

"பெரிய துணி, ஐயா" என்றார் மெதுவாக. "அவங்க கேட்டா, இன்னும் காயல்ல எண்டு சொல்லுங்க."

விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். நாற்பது முழம் வெள்ளைத் துணி எதற்கு என்று கேட்ட அதிகாரியிடம், நடப்பதற்கு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூடச் சொன்னார். இப்போது அது கும்பகோணத்தில் என் அலமாரியில் இருக்கிறது. தலையணை உறை தைக்கலாமா என்று மனைவி கேட்டாள், கூடாது என்றேன். திரும்பி வந்த மறுநாள் இஸ்திரிக்காரரிடம் பெயர் கேட்டேன். முருகேசன். எதற்கு சார், ஏதாவது துணி காணோமா என்று பதறிப்போனார்.

மாதத்துக்கு ஒரு முறை வடக்கர் கூப்பிடுகிறார். மறுநாள் தெற்கர் கூப்பிடுகிறார். இங்கே ஒரே மழை என்கிறேன். சித்திரை வெயிலில் ரோடு உருகிக்கொண்டிருக்கும், வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறேன், இன்னும் காயவில்லை.